இரும்பு இருந்தால் வரமாட்டான்

அண்ணா! ஏ அண்ணா!

பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் பழகவில்லை. பிறந்ததிலிருந்து நீ எனக்கு அண்ணாதான். அம்மாவுக்கு நீ ராசா. நைனாவுக்கு நீ 'டேய்'. கம்பெனியில் உன்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

உன்னைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் சேர்ந்தாற்போல ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போகிறேன். திரும்ப வருகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் நினைப்பு முன்னால் ஓடிவிடுகிறது. ஓடட்டும். பின்னாலேயே போகிறேன்.

படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஒரு இரும்பு பெஞ்சைப் பற்றியது. என் அண்ணன் இறந்த பிறகு அந்த பெஞ்சு வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையைப் பற்றியது. அம்மா கூடாது என்றாள். நான் இருக்க வேண்டும் என்றேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் பெஞ்சு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரியின் ஓரத்தில் இருக்கிறது. ஆண்கள் ஏரியில் இறால் பிடிப்பார்கள். காற்று ஒத்து வந்தால் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கும் போவார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயத்தில் எங்கள் குப்பத்திலிருந்து முதலில் போனவன் என் அண்ணன். நைனாவோடு வலை இழுத்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள் சைக்கிளில் போய், இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்துவிட்டு வந்தான். மணலில் அச்சுப் பிடித்து, அதில் இரும்புக் குழம்பை ஊற்றி, ஆறினதும் மணலைத் தட்டிவிட்டு எடுப்பார்களாம். சாக்கடை மூடி, விளக்குக் கம்பம், தோட்டத்தில் போடுகிற நாற்காலி, பெஞ்சுக்குக் கால், எல்லாம் அங்கே செய்தார்கள்.

"மண்ணுலதான்மா வேல. அங்கியும் மண்ணு, இங்கியும் மண்ணு" என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினான்.

"இங்க மண்ணு காலத்தான் சுடும்" என்றாள் அம்மா.

வாரம் முழுக்க அங்கேயே ஒரு கொட்டகையில் நாலு பேரோடு தங்கிக்கொண்டு, லீவு நாளில் மட்டும் வீட்டுக்கு வருவான். முகத்தைக் கழுவினாலும் காதுக்குப் பின்னால் கரி இருக்கும்.

எமர்ஜென்சி வந்த வருஷம், ஆயுத பூசைக்குக் கம்பெனியில் எல்லாருக்கும் வேட்டி கொடுத்தார்கள். அண்ணன் வேட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழுது என்று ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பெஞ்சுக் கால்களைக் கேட்டான். உடைத்து மறுபடி உலையில் போட வைத்திருந்தவை அவை. மேஸ்திரி சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம். ஒன்றை அந்த வாரம் பஸ் கூரைமேல் ஏற்றிக்கொண்டு வந்தான், இன்னொன்றை அடுத்த வாரம். கால் என்றால் வெறும் கால் இல்லை. தரையிலிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரே வார்ப்பு. கொடியும் இலையுமாகப் பின்னி, நடுவில் ஒரு பறவை.

"இன்னாடா இது, வெள்ளக்காரன் ஊட்டுக் கோயியா?" என்று கேட்டார் நைனா.

"அன்னம் நைனா."

"அன்னத்துக்குக் கழுத்துல இன்னாத்துக்கு ஓட்ட?"

"ஊத்தும்போது காத்து பூந்துக்கிச்சு. அந்த ஓட்டயாலதான் நம்ம ஊட்டுக்கு வந்துச்சு. இல்லன்னா மெட்ராஸ்ல எவனாவது சேட்டு தோட்டத்துல குந்தினு இருக்கும்."

நைனா பழைய படகு ஒன்றைப் பிரித்த பலகைகளை அறுத்துக் கொடுத்தார். இரண்டு கால்களுக்கும் நடுவே அந்தப் பலகைகளை போல்ட் போட்டு முடுக்கி, இரும்புக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தான் அண்ணன். வாசல் கூரைக்குக் கீழே கொண்டுவந்து போட்டதும் குப்பமே வந்து உட்கார்ந்து பார்த்தது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் உட்காருவதென்றால் பாய்தான்.

ஏரிக்கரையில் எந்த இரும்பும் நிம்மதியாக இருக்காது. காற்றில் உப்பு. வந்த புதிதில் எங்களுக்கு அதை எப்படிப் பார்த்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா குத்துவிளக்கைத் தேய்த்துவிட்டு, மிச்சமிருந்த புளியை வீணாக்குவானேன் என்று பெஞ்சுக்கும் உப்போடு சேர்த்துப் போட்டுத் தேய்த்தாள். ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவினாள். பெயிண்ட் பெயர்ந்திருந்த இடமெல்லாம் வெள்ளியாக மின்னியது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அன்னம் செம்போத்தாகியிருந்தது.

அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யம்மா, இது இன்னா உன் கல்யாணத்துக்கு வந்த அண்டாவா? புளி போட்டுத் தேய்ச்சிக்கீற?"

"நல்லாத்தான்டா இருந்துச்சு நேத்து."

"நேத்து இருந்துச்சு. இன்னிக்கி பாரு, அன்னத்துக்கு அம்ம போட்டுக்கீது."

கம்பி பிரஷை எடுத்துத் துருவை உதிர்த்தான். பூவேலையின் இடுக்குகளுக்குப் பனை நாரைச் சுற்றி விட்டுத் தேய்த்தான். அப்புறம் உப்புத்தாள். அதைப் பார்த்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"உப்புக் காத்தாலதான் துரு புடிக்குதுன்ற. அப்பால நீயே உப்புத்தாள வெச்சித் தேய்க்கற. உனக்கு வேல குடுத்தவன் நல்லா இருப்பான்டா."

"அதுக்குப் பேருதான்மா உப்பு. நக்கிப் பாரு, உப்பே இருக்காது."

"நீயே நக்கு."

துரு போனதும் கிருஷ்ணாயில் தோய்த்த துணியால் துடைத்தான். உப்புப் போக நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி, உடனே காய்ந்த துணியால் ஈரம் இல்லாமல் எடுத்தான். நல்ல தண்ணீர் எங்களுக்கு மணல் ஊற்றிலிருந்து இறைத்து வர வேண்டியது. "குடிக்கற தண்ணிய பெஞ்சுக்கு ஊத்தறாங்கடி" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். கடைசியில் துருவைத் தடுக்கிற செவப்பு மை ஒரு கை, கறுப்பு பெயிண்ட் இரண்டு கை.

அடுத்த மழைக்கு முன்னால் நைனா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயைப் பெஞ்சுக்கும் பூசிவிட்டார். படகு கெடாமல் இருக்கிறதே, பெஞ்சு மட்டும் கெடுமா என்பது அவர் கணக்கு. கெடவில்லைதான். ஆனால் அந்த வாரம் எங்கள் வாசலில் குப்பத்துப் பூனை அத்தனையும் வந்து கைப்பிடியை நக்கிக்கொண்டு நின்றன. அவசரத்தில் உட்கார்ந்த அத்தையின் வெள்ளிக்கிழமைப் புடவை பின்பக்கம் முழுக்க மீன் வாடை. அத்தை என்றால் நைனாவின் தங்கை, அடுத்த தெருவில் இருப்பவள். அன்றைக்கு அவள் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு பெஞ்சு என் பொறுப்பு என்றாகிவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. பெயிண்ட் எங்கே கொப்பளித்திருக்கிறது என்று விரல் வைத்துத் தடவிப் பார்ப்பேன். கொப்பளம் இருந்தால் உள்ளே துரு. உடனே சுரண்டி அந்த இடத்துக்கு மட்டும் செவப்பு மை வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் பரவும். அண்ணன் லீவில் வந்ததும் சாப்பாட்டுக்குப் போகமாட்டான், முதலில் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்ப்பான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் தோற்றான்.

"இங்க பாருடி, அடியில துரு. மூஞ்சிக்கு மட்டும் பவுடரு போட்டுக்கீற."

"அடியில எவன் பாக்கறான்?"

"நண்டு பாக்கும்டி. நண்டு போயி ஊர்ல சொல்லும்."

"சொல்லட்டும். அதும் உன் கம்பெனி பெஞ்சு மாரி கோணக் கால்தான?"

அடிக்க வருவான். நான் பெஞ்சைச் சுற்றி ஓடுவேன். ஓடினாலும் அதை இடித்துவிடக் கூடாது என்று இரண்டு பேருக்கும் கவனம் இருக்கும். வார்ப்பு இரும்பு பார்க்கத்தான் முரடு. கீழே விழுந்தால் நெளியாது, படக்கென்று உடைந்துவிடும்.

போன மாசி மாதம் அண்ணன் லீவு இல்லாத நாளில் வந்தான். பையைக் கீழே போட்டான். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. நேராகப் படுத்துக்கொண்டான்.

"இன்னாண்ணா, துரு பாக்கலியா?"

"நீயே பாத்துக்கோடி. கண்ணு எரியுது."

கண்ணைத் திறந்து காட்டினான். வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சள். அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். உப்பு, எண்ணெய், மீன் எல்லாம் நிறுத்தினோம். மீன் இல்லாத சோற்றைப் பார்த்துவிட்டு, "இது இன்னா ஐயர் ஊட்டு சாப்பாடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பகல் முழுக்க பெஞ்சில்தான் கிடந்தான். சூடு தெரியாமல் இருக்கக் கன்னத்தை இரும்புக் கைப்பிடிமேல் வைத்துக்கொள்வான். ஒரு பக்கம் சூடானால் தலையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு படுப்பான். நான் துணியோடு போனால், "நான் படுத்துனு இருக்கும்போதும் துடைக்கணுமாடி? இன்னா பேஜாரு" என்பான்.

வயிறு வீங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நைனா திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்த அம்மா அவன் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கேயே முடிந்துவிட்டது. கொண்டுவந்து, சடங்கு செய்து, மேட்டில் அடக்கம் செய்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையிலிருந்து என் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தீட்டு வீட்டில் சமையல் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்தால் முதுகில் ஏதோ ஊர்ந்தது. கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன்.

துரு இருந்த இடத்தை மட்டும் தேய்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் நல்ல பெயிண்டையும் சேர்த்துத் தேய்த்தேன். கறுப்பு போய், செவப்பு போய், வெறும் இரும்பு வரைக்கும் தேய்த்தேன். இலை இலையாக, கொடி கொடியாக. வெறும் இரும்பு எங்கள் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி தாங்காது. காலையில் மறுபடி மஞ்சளாகப் பூத்திருக்கும். மறுபடி தேய்ப்பேன். டப்பாவில் செவப்பு மை இருந்தது. எனக்கு அதைத் திறக்க மனசு வரவில்லை. பூசிவிட்டால் அடுத்த நாள் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்?

"எத்தினி நாளைக்கிம்மா இத்தயே சொரண்டிக்கினு இருப்ப?" என்று நைனா கேட்டார். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இன்னொரு உப்புத்தாளை எடுத்து வந்து அந்தப் பக்கக் காலில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவரும் ஏரிக்குப் போகவில்லை.

கருமாதி நெருங்கும்போதுதான் அம்மா செய்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன். முதலில் அரிவாள்மணை காணவில்லை. கேட்டதற்குப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்றாள். பிறகு பாக்கு வெட்டி. மூலையில் கிடந்த நங்கூரத்தை நைனாவிடம் சொல்லிப் படகிலேயே போட வைத்தாள். தோசைக்கல்லை எடுத்துக் கொல்லைக்கு வெளியே மணலில் புதைத்தாள். கதவின் கொண்டியைக்கூடக் கழற்றச் சொன்னாள். நைனா கழற்றிக் கொடுத்தார். கதவைக் கயிற்றால் கட்டினோம்.

"இன்னாமா பண்ற நீ?" என்று கேட்டேன்.

"படையல் அன்னிக்கி அவன் வருவான்டி. வந்து சாப்டுவான். இரும்பு இருந்தா கிட்ட வரமுடியாது அவனால."

எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு முதல் நாள் சாயங்காலம் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து உள்ளே படைத்துவிட்டு, விளக்கை வைத்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவார். ஆவிக்கு இரும்பு ஆகாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைப்பதும் அதற்காகத்தான். இரண்டையும் சேர்த்து யோசித்தது அம்மா மட்டும்தான். வீட்டில் இருந்த இரும்பை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிவிட்டாள். மிச்சம் இருந்தது வாசலுக்கு நேராகக் கிடந்த பெஞ்சு.

"அத்த எங்கியாவது கொண்டும்போயி போடச் சொல்லு உங்க நைனாவ" என்றாள்.

"பெஞ்சு எங்கியும் போவாது."

"அவன் வர்ற வழியில இத்தன இரும்பு கெடந்தா எப்படிடி உள்ள வருவான்?"

"மா, அவன் இரும்புக் கம்பெனில வேல செஞ்சவன்மா. இரும்பத் தண்ணியாட்டம் ஊத்தினவன். அவனுக்கு இரும்புன்னா பயமா?"

"அது உசுரோட இருந்தப்போ. இப்ப அவன் வேற."

"அவன் கையால செஞ்சது இது ஒண்ணுதான் கீது."

"கையால செஞ்சது உனக்கு வேணும். எனக்கு அவன் வேணும்" என்றாள்.

நான் அப்படியும் விடவில்லை. பெயிண்ட் அடித்துவிட்டால் இரும்பு மேலே தெரியாதே, அப்போது பரவாயில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். அழ வந்திருந்த பெண்கள் அதற்கும் ஒரு பஞ்சாயத்து வைத்தார்கள்.

"பெயிண்ட் அடிச்சா இரும்பு செத்துடுமா இன்னா?" என்றாள் ஒருத்தி.

"பலகையில ஒக்காந்தா இரும்பு படாது இல்ல?" என்றாள் இன்னொருத்தி.

"போல்ட் கீதேடி."

"போல்ட்டுல எவ ஒக்காருவா?"

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. இருந்தாலும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

படையல் நாள் சாயங்காலம். அண்ணனுக்குப் பிடித்த மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, முட்டை. பிறத்தியார் வீட்டு அரிவாள்மணையில் அரிந்து எடுத்து வந்து மண்சட்டியில் சமைத்தாள் அம்மா. கூடவே பீடிக் கட்டு ஒன்றும் வைத்தாள். அவன் பீடி பிடிப்பது அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாழையிலையை விரித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாவணில ஊக்கு குத்தினு கீறியா?"

"ஆமா."

"கழட்டு."

கழற்றி நைனாவிடம் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய் வேலிக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தார். ஒரு ஊக்குக்கு இந்தப் பாடு. நான் பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அத்தை வந்தாள். பெஞ்சையும் என்னையும் பார்த்துவிட்டு என் பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

"அவ சொல்றதுதான் சரி அண்ணி. இருக்கட்டும் அங்கியே" என்றாள் அம்மாவிடம்.

எனக்குத் தைரியம் வந்தது. அத்தை மேலே பேசினாள்.

"கல்யாணம் ஆவாத சாவு. வயசுப் பொண்ணு ஊட்ல கீறா. அவன் திரும்பி வந்தா சும்மா போவானா? வாசல்ல இரும்பு கெடந்தா அப்பிடியே பூடுவான். கதவுக் கொண்டிய எதுக்கு அண்ணி கழட்டின? அத்தயும் மாட்டு."

"வாய மூடு" என்றாள் அம்மா.

"ஊரே பயப்படுது. நீ மட்டும் வா வான்ற."

"என் புள்ளய நான் வான்னுதான் சொல்லுவேன். உன் ஊட்டுக்கா கூப்டறேன்?"

என் கை கைப்பிடியிலேயே இருந்தது. பெஞ்சு வேண்டும் என்று சொன்னவர்கள் அந்த வாசலில் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி, என் அண்ணனை வீட்டுக்குள் விடாமல் துரத்த அது வேண்டும் என்கிறவள். ஆவி வருமா வராதா என்று எனக்குத் தெரியாது, இன்னும் தெரியாது. ஆனால் வந்தால் வாசலில் நின்று, இந்த இரும்பைப் பார்த்து, உள்ளே குழம்பு வாசனையை மோந்துகொண்டு அவன் திரும்பிப் போவது போல எனக்குத் தோன்றிவிட்டது. அதுவும் இந்த பெஞ்சைப் பார்த்து.

"நைனா, அந்தப் பக்கம் புடி" என்றேன்.

நைனா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கினார். இழுத்துக்கொண்டு போக முடியாது. கல்லில் பட்டால் கால் போய்விடும். மணலில் கால் புதையப் புதைய, நின்று நின்று தூக்கிக்கொண்டு போனோம். வழியில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தர், "இன்னா மாமா, வித்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. கொஞ்ச நேரம் வெளிய ஒக்கார வெக்கறோம்" என்றார் நைனா.

தீவுக்குப் போகிற படகுகள் வந்து நிற்கிற துறையில், பூவரச மரத்துக்குக் கீழே இறக்கினோம். திரும்பிப் பார்த்தால் அம்மா விளக்கை ஏற்றிவிட்டு எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். வீட்டில் யாரும் இருக்கக் கூடாதே. எங்கே போவது என்று தெரியாமல் எங்களிடமே வந்துவிட்டாள். பெஞ்சைப் பார்த்தாள். முந்தானையால் பலகையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். நைனா இந்தக் கோடி, நான் அந்தக் கோடி.

"இங்க நாம ஒக்காந்துனு இருக்கறதுதான் நல்லது. இரும்பு கீது, இங்க வரமாட்டான். அங்க நிம்மதியா சாப்டுவான்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "உப்பு பத்தலயோ கொழம்புல" என்றாள்.

"அதெல்லாம் சரியா இருக்கும்" என்றார் நைனா.

"நீ எங்க பாத்த? ருசி பாக்கக் கூடாது படையல."

"வாசனையில தெரிஞ்சிச்சு."

ஏரியில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று அம்மா கேட்டாள். உடனே வேண்டாம், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று அவளே சொன்னாள். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். நானும் அப்படித்தான். மூன்று பேரில் ஒருத்தர் எழுந்தால் பலகை மேலே வந்து மற்ற இரண்டு பேரையும் ஆட்டியது.

திரும்பிப் போய்க் கயிற்றை அவிழ்த்து உள்ளே பார்த்தோம். சோறு ஒரு பக்கம் குழிந்திருந்தது. மடவைத் துண்டு ஒன்று நகர்ந்திருந்தது. "வந்துட்டான்" என்று சொல்லி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பூனை" என்றாள். அம்மா காதில் விழுந்திருக்கும். திரும்பவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கும் அழுகை வந்தது, நிறுத்த முடியாமல்.

கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து, பெஞ்சைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று நைனா கேட்டார். அம்மா யோசித்தாள்.

"அமாவாசைக்கு அமாவாசை வருவான். ஒவ்வொரு வாட்டியும் தூக்கினு போவீங்களா ரெண்டு பேரும்? அங்கியே இருக்கட்டும். அரிவாமணையும் தோசக்கல்லும் போயி எடுத்துனு வா, ஜல்தி. நாஷ்டாக்கு தோச சுடணும்."

அந்த இரண்டையும் அமாவாசை அன்றைக்கு மட்டும் வெளியே அனுப்புகிறாள். பெஞ்சு துறையிலேயே இருக்கிறது. அங்கே ஏரித் தண்ணீர் இன்னும் கிட்டத்தில். அதனால் வெறும் இரும்பாக விட்டால் மழைக்காலம் தாண்டாது என்று எனக்குத் தெரியும். ஒரு காலையில் டப்பாவைத் திறந்தேன். கிருஷ்ணாயிலில் துடைத்து, காயவைத்து, செவப்பு மை பூசினேன். பறவையின் கழுத்துக் குழிக்குள் பிரஷ் போகவில்லை, விரலால் பூசினேன். பெயிண்ட் காய்கிற வரைக்கும் யாரும் உட்காராமல் இருக்க மரத்தடியில் காவல் நின்றேன். மறுநாள் கறுப்பு. அதற்கு மறுநாள் செய்ய வேலை ஒன்றும் இல்லாமல் துறைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இன்னும் அப்படித்தான் நடக்கிறேன்.

இப்போது மீன் கூடைக்காரிகள் அதில் உட்காருகிறார்கள். ஈரக் கூடையைப் பலகைமேல் வைக்காதீர்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். வெற்றிலை எச்சிலை இலைக்கொடியில் துப்பிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் துணியோடு போய்த் துடைத்துக்கொண்டிருந்தால், "இன்னா பொண்ணு, உங்க அப்பன் ஊட்டு பெஞ்சா?" என்று கேட்கிறார்கள். எங்கள் அண்ணன் பெஞ்சு என்று சொல்கிறேன். அப்படியா, அவர் எங்கே என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பெஞ்சை நான் பார்த்துக்கொள்வேன். அது என்னால் முடியும். அவன் எங்கே இருக்கிறான், பசியோடு இருக்கிறானா, எங்கள் வீட்டுக்கு வர வழி தெரிகிறதா, இதெல்லாம் எனக்குத் தெரியாது, என் கைக்கும் எட்டாது. நீங்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், மாதா கோயிலுக்கோ மசூதிக்கோ போகிறவர்களாக இருந்தாலும், விளக்கு வைக்கிற நேரத்தில் என் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அவன் போகிற வழியில் தடுக்கிறது எதுவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள். பேர் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். அண்ணா என்று சொன்னால் போதும்.